பழவேற்காட்டுச் சேறும் புது ஆக்சிலும்

இன்று மதியம் சாமான் அறையில் உங்கள் ஷெட் துணிகள் கிடந்த ஒரு சாக்கை இழுத்தேன். உள்ளேயிருந்து அந்த நாற்றம் வந்தது. கியர் ஆயில். பூண்டு அழுகினதுபோல மூக்கில் ஏறியது. உங்கள் கையின் நாற்றம். சோறு பிசையும்போதுகூட அடிக்கும். சோப்புப் போட்டுக் கழுவுங்கள் என்று எத்தனை வருஷம் கத்தியிருப்பேன். இன்றைக்கு அந்தச் சாக்கை வெளியே எறியாமல் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

மூன்றாம் வகுப்போடு நின்றவள் எழுதுகிறேன். கோணல்மாணலாக இருந்தால் சிரிப்பீர்கள். சிரிக்கத்தான் உங்களுக்கு நன்றாகத் தெரியுமே.

அந்தச் சிவப்பு வண்டியை ஷெட்டுக்குக் கொண்டுவந்த அன்று தொடங்கியது எல்லாம். ரெண்டே பேர் உட்காரலாம், மேலே கூரை கிடையாது, சீமையில் செய்த பழைய வண்டி. யாரோ பங்களாக்காரர்கள் பழைய இரும்புக்குப் போடச் சொன்னதை வெட்ட மனசில்லாமல் வைத்துக்கொண்டீர்கள். கும்மிடிப்பூண்டி கம்பெனி லாரிகளை எல்லாம் பழுது பார்த்து முடித்துவிட்டு, மிச்ச நேரத்தை அதற்குக் கொடுத்தீர்கள். எனக்குக் கொடுத்ததாக ஞாபகம் இல்லை.

முதல்முதலாக அதில் என்னை ஏற்றிக்கொண்டு போனது பழவேற்காட்டுக்கு, என் அண்ணன் மகள் வளைகாப்புக்கு. மாம்பழக் கலர் பட்டு கட்டியிருந்தேன். மடியில் வளையல் தட்டு. நேர் ரோட்டில் போயிருக்கலாம். மீன்காரிகள் பார்க்கட்டும் என்று ஏரிக்கரை ஓரமாக விட்டீர்கள். ஈர மண்ணில் வண்டி உட்கார்ந்துகொண்டது.

"எறங்கித் தள்ளுமே" என்றீர்கள்.

தள்ளினேன். ஒரு பின்சக்கரம் மட்டும் கிறுகிறுவென்று சுற்றி, அவ்வளவு சேற்றையும் வாரி என்மேல் அடித்தது. இன்னொரு சக்கரம் சும்மா நின்றது. திரும்பிப் பார்த்துச் சிரித்தீர்கள். அதைக்கூட விட்டிருப்பேன். பந்தலில் போய், என் அண்ணிமார், சம்பந்தி வீட்டார் எல்லார் முன்னாலும், நான் முகத்தைத் துடைத்ததை நடித்துக் காட்டினீர்களே, அதை விடமாட்டேன். வளையல் போட வந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். திரும்பும்போது நான் பஸ்ஸில் வந்தேன். மறுநாள் ஷெட்டில் உங்கள் முன்னால் வந்து நின்றேன்.

"சிரிச்சது தப்புன்னு ஒரு வார்த்த சொல்லுங்க, அப்பறம் அதுல ஏறிக்கிறேன்" என்றேன். சொல்லவில்லை. வண்டியின் அடியில் போய்ப் படுத்துக்கொண்டீர்கள்.

"பின்சக்கரத்துக்குப் பலத்தப் பிரிச்சுக் குடுக்கிற பல்சக்கரம் கீதே, கிரவுனு, பழசுக்கு அதான்மே பழக்கம். எந்தச் சக்கரம் வழுக்குதோ அதுக்கே பலத்தையெல்லாம் குட்த்துடும். கெட்டியா நிக்கிறதுக்கு ஒண்ணும் குடுக்காது."

"நம்ம ஊடு மாதிரி" என்றேன். அதற்கும் சிரித்தீர்கள்.

எங்கேயோ அடிபட்ட ஒரு புது வண்டியிலிருந்து வேறொரு கிரவுனும், அதிலிருந்து சக்கரத்துக்குப் போகிற ஆக்சில் கம்பி ரெண்டும் கொண்டுவந்தீர்கள். ஒரு சக்கரம் வழுக்கினால் மற்றது பிடித்து இழுக்குமாம். ஆக்சில் ரெண்டும் நீளம். லேத்துக் கடையில் அளவுக்கு வெட்டிப் பல் போட்டு, மாட்டி, கழற்றி, மறுபடி மாட்டி, ஒரு மழைக்காலமே போனது. சாப்பிடக் கூப்பிட்டால் வண்டிக்கு அடியிலிருந்து கால் மட்டும் ஆடும்.

"அந்த ஒரு வார்த்த இன்னும் வரல" என்று காலைப் பார்த்துச் சொன்னேன்.

"அதான் கிரவுனையே மாத்திக்கினு கீறேனே! வாயால வேற சொல்லணுமா?"

சொல்லத்தான் வேண்டும்.

மாட்டி முடித்த அன்று ஒன்று நடந்தது. எந்த வண்டி வந்தாலும் ஒரே ஒரு பின்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, கியர் போட்டுச் சுற்றவிட்டுக் காது கொடுப்பது உங்கள் வழக்கம். தரையில் இருக்கிற சக்கரம் அசையாது, அதனால் பயமில்லை. கை பழகிப்போய் அன்றைக்கும் அப்படியே செய்தீர்கள். இறங்கி நின்று, கையை உள்ளே விட்டு ஆக்சிலேட்டரை அழுத்தினீர்கள். புது கிரவுன் தரையில் இருந்த சக்கரத்துக்கும் பலத்தைக் கொடுத்துவிட்டது. ஜாக்கியிலிருந்து குதித்து, ஆளில்லாமல் ஓடியது வண்டி.

"டேய் நில்லு! நில்றா டேய்!" என்று, ஓடிப்போகிற ஆட்டைத் துரத்துவதுபோல, அவிழ்ந்த லுங்கியைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினீர்கள். அது நேராகப் போய் என் துவைக்கிற கல்லை முட்டி உடைத்து, ஒரு உறுமு உறுமி நின்றது. நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். கல் போன கோபம் என்று நினைத்திருப்பீர்கள்.

வண்டி சரியாகிவிட்டது. "ஞாயித்துக்கெழம பழவேற்காடு போலாமா?" என்று கேட்டீர்கள். "வார்த்த?" என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு போய்ப் படுத்தீர்கள். காலையில் டீ போட்டு எழுப்பினேன். எழுந்திருக்கவில்லை. அப்புறம் எழுந்திருக்கவேயில்லை.

போன ஞாயிறு வேப்பம்பட்டிலிருந்து நம் கோமதி வந்தாள். "சும்மா ஷெட்ல நிக்கிது. வாம்மா, ஒரு ரவுண்டு" என்றாள். மகளிடம் எனக்கு என்ன சண்டை? ஏறினேன். அதே ஏரிக்கரையில் ஓரமாக விடச் சொன்னேன். சக்கரம் ஒருமுறை வழுக்கியது. இறங்கித் தள்ளச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டேன். அதற்குள் மற்றச் சக்கரம் பிடித்துக்கொண்டு, வண்டி மேடேறிவிட்டது.

"பாத்தியா, அப்பா வேலை!" என்று கத்தினாள் கோமதி.

நிறுத்தச் சொல்லி இறங்கினேன். ஈர மண்ணில் ரெண்டு தடம், ஒரே ஆழத்தில். என்மேல் ஒரு பொட்டுச் சேறு இல்லை. கூடையோடு போன மீன்காரிகள் ஒருத்தியும் திரும்பிப் பார்க்கவில்லை. நான் எதற்காக நின்றுகொண்டிருக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. சிரிக்க ஒருத்தரும் இல்லை அங்கே.

கோமதி அன்று சாயங்காலமே கிளம்பிவிட்டாள். வீட்டில் நானும் இந்தச் சாக்கும்தான்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். அன்றைக்குக் கதவைச் சாத்தினது கோபத்தில் இல்லை. வண்டியைப் பார்த்து "டேய்" என்றீர்களே, அதற்குக் கதவுக்குப் பின்னால் நின்று, சத்தம் கேட்கக் கூடாதென்று முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தேன். அதனால் சரிக்குச் சரி ஆகிவிட்டது என்று நினைக்காதீர்கள். நான் யாரிடமும் நடித்துக் காட்டவில்லை.

அந்தச் சிரிப்பு இன்னும் என்னிடம் இருக்கிறது. பாத்திரம் கழுவும்போது, கோழிக்குத் தவிடு வைக்கும்போது திடீரென்று வருகிறது. இப்போது முந்தானையை வாயில் அடைக்க வேண்டியதில்லை. கேட்கத்தான் ஆள் இல்லையே.