கூச்சப்பேயின் குரல்

11 பெப்ரவரி 2025, செவ்வாய்

வெள்ளிக்குள் பேய்க்கு ஒரு குரல் வேண்டுமாம். ஜனாவின் உத்தரவு. கொம்பனி அவனுடையது, சத்தம் என்னுடையது. ஒரு பேயைக் கூட்டி வந்து மைக்குக்கு முன்னால் இருத்தினால் சரி என்பது போலச் சொல்லிவிட்டுப் போகிறான்.

எங்கள் ‘தத்துக்கிளி’ ஃபோன் விளையாட்டின் முதல் இரண்டு பாகங்களிலும் கூச்சப்பேய் ஊமை. விளையாட்டின் நாயகனான தத்துக்கிளி பார்த்தால் பேய் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அப்படியே நிற்கும். முதுகைக் காட்டினால் பின்னால் வரும். தலையில் குதித்து மிதித்தால் தட்டையாகிக் கிடந்து, கொஞ்ச நேரத்தில் மறுபடி எழும்பும். பேய் அல்லவா, எப்படிச் சாகும்? மூன்றாம் பாகத்தில் மிதிபடும்போது அது அழ வேண்டும்.

பூனை, குக்கர் விசில், லிஃப்ட் கதவு எல்லாம் பதிந்து பார்த்தேன். கீழ்மாடி ரியூஷன் மாஸ்டர் ஏறி வந்து, பிள்ளைகள் சிரிக்கிறார்கள், பாடம் நடத்த முடியவில்லை என்றார். சிரிக்கிறார்களாம். என் பிரச்சினையே அதுதான்.

13 பெப்ரவரி, வியாழன்

பழைய ஃபைல்களைக் கிண்டியபோது அகப்பட்டது. சிறில் மாமாவின் செத்தவீட்டுப் பதிவு. போன ஜூலை, கொட்டாஞ்சேனையில்.

யூஜினா மச்சாளுக்குக் கனடாவிலிருந்து வர முடியவில்லை. பெற்ற தகப்பனின் செத்தவீடு, ஆனால் பேப்பர்கள் சரிவரவில்லை. “எனக்கு எல்லாம் கேக்கிற மாதிரி எடுத்து அனுப்பு” என்று ஃபோனில் அழுதாள். அதனால் நல்ல மைக்கையே கொண்டு போயிருந்தேன். பெட்டியை மூடும்போது அவளின் அம்மா, நேசம் மாமி, கதறியது ஒரு இரைச்சலும் இல்லாமல் சுத்தமாக விழுந்திருக்கிறது.

நாலு செக்கன். சொற்களை வெட்டிவிட்டு அந்த இழுவையை மட்டும் எடுத்தேன். சுருதியைக் கொஞ்சம் ஏற்றினேன்.

யாருக்குத் தெரியப் போகிறது?

14 பெப்ரவரி, வெள்ளி

ஜனா ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டுக் கையை நீட்டிக் காட்டினான். மயிர் குத்திட்டு நின்றது. எப்படிச் செய்தாய் என்று கேட்டான். கொஞ்சம் பூனை, கொஞ்சம் எஃபெக்ட் என்றேன். பாராட்டு இனித்தது. என் டயரியில் நானே அதை ஒளிப்பானேன்?

2 மார்ச், ஞாயிறு

பூசை முடிந்து மாமி வீட்டில் சாப்பாடு. புதன்கிழமை தவக்காலம் தொடங்குகிறது, அதற்கு முதல் இறைச்சியை முடித்துவிடு என்று கோப்பை நிறையப் போட்டார். மாமாவின் படத்துக்கு முன்னால் சின்ன பல்ப் எரிந்தபடி இருந்தது. மாமி இன்னும் கறுப்பில்தான் இருக்கிறார், ஒரு வருஷம் முடியும் மட்டும்.

சொல்லலாம் என்றுதான் போனேன். வாய் நிறைய இறைச்சி இருந்தது. அதுவும் ஒரு சாட்டு.

4 ஏப்ரல், வெள்ளி

வெளியாகிவிட்டது. எண்ணி நூறு பேர் விளையாடுவார்கள். அவ்வளவுதான்.

23 ஏப்ரல், புதன்

நூறு பேர் இல்லை. எண்பதாயிரம்.

அதுவும் விளையாட்டுக்காக இல்லை, அந்த அழுகைக்காக. கொச்சிக்கடையில் ஒரு த்ரீவீல்காரரின் ஃபோன் மாமியின் குரலில் அடித்தது. அவர் சிரித்துக்கொண்டே எடுத்து “கியன்ன மல்லி”, சொல்லு தம்பி, என்று சிங்களத்தில் கதைத்தார். லிஃப்டில் ரியூஷன் பிள்ளைகள் ஒருவரையொருவர் மிதிப்பதுபோல நடித்து அப்படியே அழுது காட்டுகிறார்கள். அச்சொட்டாக வருகிறது அவர்களுக்கு.

ஜனா கேக் வாங்கி வந்தான். எனக்கு இறங்கவில்லை.

11 மே, ஞாயிறு

யூஜினாவின் மகள் நேற்று வீடியோ கோலில் அம்மம்மாவுக்குத் தன் விளையாட்டைக் காட்டியிருக்கிறாள். றொஹான் மாமா, அதாவது நான், வேலை செய்கிற கேம் என்று பெருமையாகக் காட்டியிருக்கிறாள்.

இன்று மத்தியானம் மாமி தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. துருவுவதை நிறுத்தவும் இல்லை.

“அது நான்தானே மகன்?”

“எது மாமி?”

“அந்தப் பேய்.”

“இல்ல மாமி. அது பூனை.”

பூனையா என்றார். பிறகு எனக்குச் சம்பல் போட்டார். சாப்பிட்டேன். சாப்பிட்டேனே! கை கழுவி, துடைத்து, போய்வருகிறேன் என்று சொல்லி, படியிறங்கி வந்தேன். மாமாவின் படம் அந்தச் சுவரில்தான் இருந்தது. அவருக்கு முன்னாலேயே மறுதலித்தேன்.

பூனையாம். சீ.

13 மே, செவ்வாய்

மாமியின் கோல் இரண்டு தரம். எடுக்கவில்லை.

14 மே, புதன்

மறுபடியும். என்னத்துக்கு எடுக்கிறது? எடுத்து என்னத்தைச் சொல்றது? நான் எந்த மூஞ்சியோட கதைக்கிறது?

17 மே, சனி

போனேன். வாசலிலேயே சொல்லிவிட்டேன், உள்ளே போய் இருந்தால் மறுபடி பொய்தான் வரும் என்று தெரியும். அது நீங்கள்தான் மாமி, பெட்டி மூடின நேரம், நான்தான் எடுத்தேன், கேட்காமல் எடுத்தேன்.

தெரியும் என்றார். தன் தொண்டை தனக்குத் தெரியாதா என்றார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. கதிரையைக் காட்டினார், இருந்தேன்.

அந்தப் பிள்ளை விளையாடியதை மாமி விட்டு விட்டு நினைத்துப் பார்த்திருக்கிறார் போல. பிறகு கேட்டார்.

“எதுக்கு மகன் அத மிதிக்கிறாங்க?”

கேம் மாமி, அதை மிதித்தால்தான் புள்ளி கிடைக்கும் என்றேன். சொல்லும்போதே நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

“ஒவ்வொரு தரமும் நான் அழணுமா?”

எண்பதாயிரம் பேர், ஆளுக்கு எத்தனை தரம்?

நான் எழும்பும்போதுதான் மாமி மற்றதைச் சொன்னார். அது இதைவிடச் சுட்டது. “அண்டைக்கு பெட்டி தூக்க ஒரு ஆள் குறைஞ்சுது. உன்னத்தான் தேடினேன். நீ மைக்கோட நிண்ட. சரி, யூஜினாவுக்காகத்தானே நிக்கிறான் எண்டு மனச தேத்திக்கிட்டேன்.”

அன்றைக்கு அது யூஜினாவுக்காகத்தான். உண்மையாகவே. இனி யார் நம்புவார்? நானே நம்பவில்லை.

19 மே, திங்கள்

ஜனாவிடம் எல்லாம் சொல்லி, அந்தச் சத்தத்தை எடுத்துவிடக் கேட்டேன். மாட்டேன் என்பான், எல்லாரும் அந்தச் சத்தத்துக்குத்தானே வருகிறார்கள் என்பான் என்று நினைத்து, வேலையை விடும் கடிதத்தையும் எழுதிப் பொக்கெட்டில் வைத்துக்கொண்டு போனேன். வீராப்புக்குக் குறைச்சலில்லை.

அவன் மேசையிலிருந்து எழும்பி யன்னலடிக்குப் போனான். கடற்கரை ரெயில் ஒன்று போய் முடிந்ததும் திரும்பினான்.

“இதை முதலே சொல்லியிருந்தா நான் போட்டிருப்பனோடா? என்னை என்னெண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறாய்?”

கடிதம் பொக்கெட்டிலேயே இருந்தது. அவனைக் கெட்டவனாக்கி அதில் ஒளியப் பார்த்திருக்கிறேன். அந்த வசதியும் இல்லாமல் போனது.

2 ஜூன், திங்கள்

புதிய பதிப்பு போய்விட்டது. இப்போது அது பூனைதான். அடுத்த வீட்டு உண்மையான பூனை. சொன்ன பொய்யை மூன்று கிழமை கழித்து மெய்யாக்கியிருக்கிறேன், கெட்டிக்காரன்.

பேயைக் கெடுத்துவிட்டார்கள் என்று ஒரே திட்டு. புதிய பதிப்பை ஏற்றாதவர்களின் ஃபோனில் பழைய குரல்தான் இருக்கும். அதை யாராலும் பிடுங்க ஏலாது.

மூல ஃபைலை மாமியின் ஃபோனில் போட்டுக் கொடுத்தேன், என்னிடம் இருந்ததை அவருக்கு முன்னாலேயே அழித்தேன். சரி என்று மட்டும் சொன்னார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

28 ஜூன், சனி

ஒரு வருஷப் பூசைக்குச் சேலை வாங்க வேண்டும், வெள்ளவத்தைக்குக் கூட்டிப் போ என்று மாமியே கோல் எடுத்தார். முதல் மணியிலேயே எடுத்தேன். நாலு கடை ஏறி இறங்கி, இளம் ஊதா நிறத்தில் ஒன்று. துக்கம் முடிந்து கறுப்பைக் கழற்றும் நாளுக்கான சேலை. கடைக்காரரோடு சிங்களத்தில் பேரம் பேசிக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல், பூசைக்கு மைக் கொண்டு வராதே என்றார். யூஜினா கேட்டாலுமா என்றேன். அவளிடம் தான் கதைத்தாயிற்றாம். நான் தனக்குப் பக்கத்தில் இருக்க வேண்டுமாம்.

திரும்பும்போது மட்டக்குளி பஸ்ஸில் இடம் கிடைத்தது. மாமி யன்னல் பக்கம், நான் நடைபாதைப் பக்கம். பம்பலப்பிட்டியில் ஏறிய ஒரு பெண் எங்களுக்கு முன் சீற்றில் இருந்து ஃபோனை எடுத்தாள். வேலை விட்டு வருகிறவள் போல, கழுத்தில் ஒஃபிஸ் அட்டை.

பழைய பதிப்பு.

மாமியின் குரல் பஸ்ஸுக்குள் கேட்டது. பிறகு மறுபடியும். நான் முகத்தை மற்றப் பக்கம் திருப்பி, எதிர் யன்னலால் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தேன். இறங்கிவிடலாமா என்றுகூட நினைத்தேன், மாமியை விட்டுவிட்டு.

மாமி முன்னுக்குக் குனிந்து அவளுடைய தோளில் மெதுவாகத் தட்டினார்.

“மகள், அத மிதிக்காம போக ஏலாதா?”

அவள் திரும்பிப் பார்த்தாள். வயதான ஒருவர் கேமைப் பற்றிக் கேட்கிறாரே என்று சிரிப்பு வந்திருக்க வேண்டும்.

“ஏலும் அன்ரி. அதையே பாத்துக்கிட்டு பின்னால பின்னால போனா அது வராது. ஆனா புள்ளி கிடைக்காது.”

“பரவாயில்ல. போய்க் காட்டுங்க பார்ப்பம்.”

அவள் ஃபோனைச் சரித்துப் பிடித்துக் காட்டினாள். கூச்சப்பேய் முகத்தைப் பொத்திக்கொண்டு நின்றது. தத்துக்கிளி ஒவ்வொரு அடியாகப் பின்னால் போனது. சத்தமே இல்லை.

மாமி என் முழங்கையைப் பிடித்து இழுத்தார்.

“இங்கால பார்.”

பார்த்தேன். கொள்ளுப்பிட்டி தாண்டும் வரைக்கும் மூன்று பேருமாக அதைப் பார்த்துக்கொண்டு வந்தோம்.