கியர் போட்டால் மட்டும் கேட்ட தட்டல்

பாவா,

இன்று மத்தியானம் சித்தூர் ரோட்டில் ஒரு பஸ் வேகமாகப் போனது. என் மெக்கானிக் ஷெட்டின் தகரச் சுவர் அதிர்ந்து, ஆணியில் மாட்டியிருக்கும் இரும்பு வளையம் அதில் இடித்து 'டொக்' என்றது. முழுசான இரும்பாக இருந்தால் மணி மாதிரி நீண்டு ஒலிக்கும். கீறல் விழுந்தது சொல்ல வந்ததைப் பாதியில் விழுங்கிவிடும். கையில் இருந்த ஸ்பேனரை வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். உனக்கு எழுத வேண்டும் போல இருந்தது. எந்த விலாசத்துக்கு என்று மட்டும் கேட்காதே.

நீ அக்காவின் வீட்டுக்காரன். என்னைவிட இரண்டே வயது மூத்தவன் என்பதால் கடைசிவரை உன்னை 'நீ' என்றே கூப்பிட்டேன். அக்கா அதற்காக என்னைத் திட்டாத நாள் கிடையாது. அம்மையார்குப்பத்தில் உங்கள் வீட்டில் இரண்டு பவர்லூம் ஓடும். அந்த இரைச்சலில் நாங்கள் கத்திக் கத்திப் பேசிக்கொண்டிருக்கும்போது நீ சாப்பாட்டுத் தட்டில் இருந்து தலையைத் தூக்கி, "ரெண்டாவது தறியில இன்னாவோ தப்பா கேக்குது, பாரு" என்பாய். அக்கா போய்ப் பார்த்தால் அப்படித்தான் இருக்கும். அப்பேர்ப்பட்ட காது உனக்கு. அதைத்தான் நான் நம்பவில்லை.

நீ வண்டி ஓட்டிக்கொண்டிருந்த பள்ளிப்பட்டு முதலாளி, கல் ஏற்றும் அந்த டிப்பர் லாரியை வடக்கே எங்கோ ஒரு சுரங்கத்தில் இருந்து பழசாக வாங்கிவந்தார். எங்கள் பக்கத்து வண்டிகளைப்போல ஒன்றரை மடங்கு பலம். கிளட்ச் இல்லை, கியர் தானாக மாறும். முதல் நாள் ஓட்டிவந்து நிறுத்தியபோது உன் முகத்தில் புது மாப்பிள்ளைக் களை. "இடது காலுக்கு வேலையே இல்ல மச்சான், வீட்லயே வச்சிட்டு வரலாம்" என்றாய். மூன்று மாதம் கழித்து வந்தபோது அந்தக் களை இல்லை.

"உள்ள யாரோ தட்றாங்க."

"எங்க?"

"சீட்டுக்கு அடியில, கொஞ்சம் பின்னால. மூணு தட்டு. அப்புறம் நிக்குது. மறுபடியும் மூணு."

வண்டிக்கு அடியில் இருக்கும் குழிக்குள் நான் இறங்கினேன். எங்கள் தொழிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஆள் அடியில் இருந்தால் வண்டி கியரில் இருக்கக் கூடாது. எத்தனையோ உயிரைக் காப்பாற்றிய கட்டுப்பாடு அது. நீ நியூட்ரலில் வைத்து ஆக்சிலரேட்டரை மிதித்தாய். நீள ஸ்க்ரூடிரைவரின் நுனியை இன்ஜினில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்டேன். சுத்தமாக ஓடியது. "இப்ப கேக்குதா?" என்று கத்தினேன். "இப்ப இல்ல" என்றாய். நான் மேலே ஏறி வந்து கை கழுவும்போது நீ கியர் போட்டாய். கண்ணாடி வழியாக உன் முகம் மாறுவதைப் பார்த்தேன். கையைக் காட்டி அழைத்தாய். வெளியே நின்ற எனக்குப் புகைக்குழாயின் உறுமலைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை.

மூன்று முறை வந்தாய், மூன்று முறையும் இதே கதை. கேட்டவன் எப்போதும் மேலே, தேடியவன் எப்போதும் கீழே. இன்ஜினின் அடித்தொட்டியைக்கூடக் கழற்றினேன், பேரிங் தேய்ந்து தட்டுகிறதோ என்று. ஆயிலை வெள்ளைத் துணியில் வடித்தேன். ஒரு பொட்டு இரும்புத்தூள் இல்லை. "வண்டி நல்லா கீது. உன் காதுல அழுக்கு" என்றேன்.

அப்போதுதான் நீ மெதுவான குரலில் அந்தக் கதையைச் சொன்னாய். குவாரி ரோட்டில், உச்சி வெயிலில், முன்னே பின்னே ஒரு வண்டி இல்லாத இடத்தில் நிறுத்தி இறங்கியிருக்கிறாய். சுற்றி வந்து பார்த்தாய். உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று காலியான தொட்டியை எட்டிப் பார்த்தாய். ஒன்றும் இல்லை. ஏறி உட்கார்ந்து, பிரேக்கை மிதித்துக்கொண்டு கியர் போட்டதும் மூன்று தட்டு. "நா ஏறி ஒக்காந்துட்டேன்னு தெரிஞ்சிகினு தட்டுது மச்சான்."

என் கை மயிர் எழுந்து நின்றது. அதனால்தான் அவ்வளவு சத்தமாகச் சிரித்தேன். இன்று ஒளிக்க என்ன இருக்கிறது? உன் பக்கத்தில் வந்து உட்காராததற்குத் தொழில் திமிர் பாதி, பயம் பாதி. அந்தக் கேபினுக்குள் ஏற எனக்குப் பயமாக இருந்தது.

பயத்தை உன் தலையில் கட்டிவிட்டேன். அக்காவிடம், "பாவாவுக்குத் தூக்கம் பத்தல, இல்லாதது எல்லாம் கேக்குது" என்றேன். அவள் வேண்டிக்கொண்டு உன்னை மலைக்கோயிலுக்கு அழைத்துப்போய் மொட்டை அடிக்கவைத்தாள். சந்தனம் காயாத தலையோடு நேராக ஷெட்டுக்கு வந்து நின்றாய்.

"மொட்டை அடிச்சும் போவல. ஒரே ஒரு தடவ மேல வந்து ஒக்காரு மச்சான். நீயும் கேட்டுட்டா போதும். எனக்குப் புத்தி கெட்டுப்போச்சான்னு தெரிஞ்சிடும்."

"நாளைக்கு ஒக்கார்றேன்" என்றேன்.

மறுநாள் காலை முழு லோடோடு குவாரிச் சரிவில் இறங்கியபோது முடிந்துபோனது. பின்னால் வந்த டிரைவர்தான் சொன்னார். திடீரென்று இன்ஜின் மட்டும் கட்டவிழ்ந்து அலறியதாம். வண்டியை இன்ஜினால் இழுத்துப் பிடிக்க முடியவில்லை. அவ்வளவு கல்லையும் பிரேக் மட்டும் எத்தனை தூரம் தாங்கும்? நீ கடைசிவரை ஸ்டியரிங்கை விடவில்லை என்றார்.

ஊர் வாய்க்கு ஒரு கதை போதும். வண்டியில் இருந்தது அவனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டது என்றார்கள். அக்கா வேறு ஒன்றைப் பிடித்துக்கொண்டாள். மலைக்குப் படியேறிப் போகாமல் உன்னை ஆட்டோவில் கூட்டிப்போனாளாம், அந்தக் குறைதான் என்று சொல்லிச் சொல்லி அழுதாள். தறிகளை நிறுத்திவிட்டாள்.

வண்டி என் ஷெட்டுக்குத்தான் வந்தது. பிரிக்க வேறு யாரையும் விடவில்லை. கியர்பாக்ஸைக் கீழே இறக்கியபோது பார்த்தேன். கிளட்ச் வண்டியில் இன்ஜினுக்குப் பின்னால் கனமான சக்கரம் இருக்கும். இதில் அது கிடையாது. இன்ஜினின் சுழற்சியைக் கியர்பாக்ஸுக்குக் கொண்டுபோவது ஒரு மெல்லிய இரும்புத் தட்டு, பிளெக்ஸ் பிளேட். கியர் போட்டுப் பிரேக்கை மிதித்தால் இரண்டு பக்க பலத்துக்கும் நடுவில் அதுதான் முறுக்கேறும். நியூட்ரலில் அதற்குச் சுமையே இல்லை. கீறல் இருந்தாலும் வாயை மூடிக்கொண்டு சுற்றும். கிளட்ச் வண்டிகளிலேயே வளர்ந்த என் கை, அப்படி ஒரு தட்டு இருப்பதையே நினைக்கவில்லை.

நடுவில் போல்ட்டுகளைச் சுற்றி வட்டமாக அறுந்து, வெளி வளையம் தனியாகக் கழன்று கிடந்தது. அறுந்த விளிம்பைத் துடைத்து வெயிலில் பிடித்தேன். அன்றைக்கு அறுந்த இடம் வெள்ளிபோலப் பளபளத்தது. அது கால்வாசிதான். மீதி முக்கால் வட்டமும் கருத்துத் தேய்ந்திருந்தது. அத்தனை நாளும் அந்த விளிம்புகள்தான் ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருந்திருக்கின்றன. நீ முதல் முறை வந்து சொன்ன அன்றே அந்தக் கீறல் உள்ளே இருந்திருக்க வேண்டும்.

வளையத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு அக்காவிடம் போனேன். ஓடாத தறிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன், "நாளைக்கு" என்றதையும் சேர்த்து. கருத்த விளிம்பை விரலால் தடவிப் பார்த்தாள். என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்போ அவுருக்கு நெசமாவே கேட்டுச்சா?"

"ஆங்."

"புத்தி நல்லாதான் இருந்துதா?"

"நல்லாதான் இருந்துது அக்கா."

வளையத்தைத் துணியில் திரும்பச் சுற்றி என்னிடம் கொடுத்தாள். பிறகு, "நானே அவுர மொட்டை அடிக்க வச்சேன்டா" என்றாள். அதற்குமேல் அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மறுவாரம் தறி ஓடியது. வளையத்தை நான் ஷெட்டுக்கே கொண்டுவந்து ஆணியில் மாட்டினேன்.

அதற்குப் பிறகு என் ஷெட்டில் வேலை மாறிவிட்டது. தட்டல் என்று எவன் வந்தாலும் முதலில் அடியில் இருக்கிறவனை எல்லாம் வெளியே வரச்சொல்லி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, டிரைவர் சீட்டில் நானே ஏறி உட்காருகிறேன். இன்ஜின் சூடாகும்வரை காத்திருந்து, பிரேக்கை மிதித்துக் கியர் போட்டுக் கேட்கிறேன். இரண்டு வண்டிகளில் கீறலை அப்படிப் பிடித்தேன். அந்த டிரைவர்கள் இருவரும் உயிரோடு வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

போன வாரம் கே.ஜி.கண்டிகையில் இருந்து ஒரு ஆட்டோமேட்டிக் டிப்பர் ஆயில் மாற்ற வந்தது. டிரைவருக்கு ஒரு குறையும் இல்லை. வழக்கத்தால் ஏறி உட்கார்ந்து கியர் போட்டேன். சீட்டுக்கு அடியில், கொஞ்சம் பின்னால், மூன்று தட்டு. டிரைவரைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்தேன். "ஒண்ணும் கேக்கலியே அண்ணே" என்றான். அந்த வண்டியின் முதலாளி கத்தியதைப் பொருட்படுத்தாமல் கியர்பாக்ஸை இறக்கினேன். பிளெக்ஸ் பிளேட் புத்தம்புதுசாக இருந்தது. கட்டித் தொங்கவிட்டுத் தட்டினேன், கணீரென்று ஒலித்தது. பழையபடி எல்லாவற்றையும் பூட்டிவிட்டு மறுபடி ஏறினேன். மூன்று தட்டு.

டிரைவர் என்னைப் பார்த்த பார்வை எனக்குத் தெரியும். உன்னை நான் அப்படித்தான் பார்த்தேன்.

பயமாகத்தான் இருந்தது பாவா. ஆனாலும் காலைப் பிரேக்கில் இருந்து எடுக்கவில்லை. "சொல்லு, கேட்டுகினுதான் கீறேன்" என்றேன். இருட்டு கட்டும்வரை அந்தச் சீட்டை விட்டு நான் இறங்கவில்லை.