மேலக்காற்று

28.4.2024, ஞாயிறு

மல்லாட்டை பிடுங்க ஆரம்பித்தாயிற்று, வேர்க்கடலை நன்றாக முற்றிவிட்டது. ஆறு பெண்கள் வந்தார்கள். வழக்கம்போல வெள்ளையம்மாள்தான் ஆள் கூட்டிவந்தாள். அவள் மருமகள் பொன்னியும் உண்டு. மதியக் கஞ்சி குடித்துவிட்டுப் புங்கமரத்தடியில் படுத்தார்கள். எங்கள் கழனியில் கடிகாரம் கிடையாது. மரக்காணம் பக்கமிருந்து கடல்காற்று வந்ததும் நான், "காத்து வந்துடுச்சு, எறங்குங்க" என்று குரல் கொடுப்பேன். அதற்கப்புறம்தான் வெயிலில் இறங்குவார்கள். இன்று வெயில் சாயும்போதுதான் வந்தது. அரை நாள் வேலை போச்சு. யாரைத் திட்டுவது, கடல்காற்றையா?

1.5.2024, புதன்

இன்றும் அதே கதை.

3.5.2024, வெள்ளி

மகள் கலைப்பிரியா விழுப்புரத்திலிருந்து போன் செய்தாள். பள்ளியில் புவியியல் நடத்துகிறவள். என்னையும் எட்டாம் வகுப்புப் பிள்ளையாகத்தான் நினைப்பு. "கடலும் சூடாயிக்கினு வருதுப்பா. மேற்கேருந்து மேலக்காத்து பலமா அடிச்சா கடல்காத்து உள்ள வர லேட்டாவும், சில நாள் வராமலே போயிடும். இன்னும் ஆராய்ச்சி பண்ணிக்கினுதான் இருக்காங்க. நீங்க காத்த நம்பாம, வெயில் ஏறுறதுக்குள்ள ஆளுங்கள வீட்டுக்கு அனுப்பிடுங்க" என்றாள்.

அரை நாளில் அனுப்பிவிட்டால் எப்போது பிடுங்கி முடிப்பது? சரி சரி என்று போனை வைத்தேன்.

7.5.2024, செவ்வாய்

செல்போன் மழை காட்டுகிறது. பிடுங்கிய செடியெல்லாம் வெட்டவெளியில் கிடக்கிறது, பாதி இன்னும் மண்ணுக்குள். நனைந்தால் முளைத்துப்போகும். "எப்படியாவது மல்லாட்டை ஜல்தியா வீடு வந்து சேரணுங்க" என்று பிரபாவதி நச்சரிக்கிறாள். பெண்டாட்டி சொல்லித்தான் எனக்குத் தெரியவேண்டுமா? எரிந்து விழுந்தேன்.

8.5.2024, புதன்

எழுதக் கை வரவில்லை. எழுதித்தான் ஆகவேண்டும்.

மதியம் புங்க இலை அசைந்தது. நான் கிழக்கே பார்த்து நின்றிருந்தேன். காற்று முகத்தில் படவில்லை— முதுகில் பட்டது. திண்டிவனம் பக்கத்து மேலக்காற்று, அனல். தெரிந்தது. தெரியாமல் இல்லை. மேற்கே கொஞ்சம் மேகம் வேறு. "காத்து வந்துடுச்சு, எறங்குங்க" என்றேன்.

பொன்னி மட்டும் தலையைத் தூக்கி, "மேலக்காத்து மாதிரில்ல இருக்குது அய்யா?" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் வெள்ளையம்மாள், "அய்யாவே சொல்லிட்டாரு, எந்திரிடி" என்று தலைத்துணியை இறுக்கிக்கொண்டு முதல் ஆளாக இறங்கினாள்.

கொஞ்ச நேரத்தில் அவளுக்குப் பேச்சு குழறியது. அப்படியே செடிமேல் சரிந்தாள். உடம்பு கொதிக்கிறது, ஒரு சொட்டு வேர்வை இல்லை. ஈரத்துணியைச் சுற்றி, ஆட்டோ பிடித்து, ஆஸ்பத்திரி. வழி முழுக்கப் பொன்னி என் பக்கம் திரும்பாமல் மாமியாருக்கு விசிறிக்கொண்டே வந்தாள்.

என்ன காரியம் பண்ணினேன்? எதுக்குடா வாயத் தொறந்த?

மழையும் வரவில்லை.

10.5.2024, வெள்ளி

உயிர் பிழைத்துவிட்டாள். இனி வெயிலில் வேலை கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வெயிலுக்கென்றே பிறந்த உடம்பு மாதிரி உழைத்தவள். ஊரில் எல்லோரும் அக்கினி நட்சத்திரத்தைக் குறை சொல்கிறார்கள். நானும் தலையாட்டிக்கொண்டு நிற்கிறேன். வெட்கம் கெட்டவன்.

26.5.2024, ஞாயிறு

வெள்ளையம்மாளைப் பார்க்கப் போனேன். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கப் பார்த்தாள், முடியவில்லை. அவளாகவே சொன்னாள்: "அன்னிக்கு எனக்கும் சந்தேகமாத்தான் இருந்துச்சு அய்யா. காத்து சுட்டுக்கினே இருந்துச்சு. நீங்க சொன்னா தப்பா இருக்காதுன்னு எறங்கிட்டேன்."

குத்திக்காட்டவில்லை. காட்டியிருந்தால் தேவலை. அதற்குமேல் என்னால் முடியவில்லை. "தெரிஞ்சுதாம்மா சொன்னேன்" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள், அப்புறம் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். "போயிட்டு வாங்க அய்யா" என்றாள், வழக்கமான மரியாதையோடு. பொன்னிதான் வாசல்வரை வந்தாள். "இத அங்கயே, நான் கேட்டப்ப சொல்லியிருக்கலாமில்ல?"

செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தேன்.

14.7.2024, ஞாயிறு

களையெடுக்க ஒருத்தியும் வரவில்லை. வானூர் பக்கம் கட்டட வேலைக்குப் போகிறார்களாம். நானும் பிரபாவதியும் குனிந்தோம். "எல்லாம் உங்க வாயால வந்தது" என்றாள். உண்மைதான்.

28.4.2025, திங்கள்

பொன்னி வந்து நின்றாள்! வானூர் வேலை முடிந்துவிட்டதாம். நாலு பேரைக் கூட்டிக்கொண்டு மல்லாட்டை பிடுங்க வருகிறாளாம். "விடியல்லயே வந்துடுவோம். மத்தியானத்துக்கு மேல எறங்கணுமா வேணாமான்னு நாங்க சொல்லுவோம், நீங்க சொல்லக் கூடாது." சரி என்றேன். மாமியார் எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். "வூட்டுலயே இருக்குது."

2.5.2025, வெள்ளி

என்ன அதிசயமோ, இன்று கடல்காற்று நேரத்தோடு வந்தது. கஞ்சி குடித்த கை காய்வதற்குள் கிழக்கிலிருந்து, குளுகுளுவென்று, நேராக என் முகத்தில். சந்தோஷத்தில் மறந்துபோய், "காத்து வந்துடுச்சு!" என்று கத்திவிட்டேன்.

சத்தியமாக இது கடல்காற்று. ஆனால் ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை. எல்லோரும் பொன்னியைப் பார்த்தார்கள். அவள் மர நிழலை விட்டு வெளியே வந்து, கிழக்கே முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

நானும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.