நாற்றுக்குப் போட்ட நெட்டு

அத்தான்,

மூன்று நாளாக உங்களோடு பேசவில்லை, அதனால் எழுதுகிறேன். ஜன்னலோரத் தக்காளி நாற்றின் மேல் நீங்கள் நனைத்துப் போட்டிருப்பது கொசுவலை இல்லை. கல்யாணத்தன்று நான் முகத்தை மூடித் தலையில் போட்டிருந்த நெட்டு. "சும்மா கெடந்த துணிதானே" என்று நீங்கள் சொன்னதை மறக்கவில்லை.

ஆனாலும் பூனா வெயிலில் அது பதினொரு மணிக்கே காய்ந்துவிடும். மறுபடி தண்ணீர் தெளியுங்கள், ஊற்றாதீர்கள். மத்தியானம் கொஞ்சநேரம் திறந்து வையுங்கள், இல்லாவிட்டால் தண்டு அழுகிவிடும்.

நான் வரச் சாயங்காலம் ஆகும். குழம்பு அலமாரியில் இருக்கிறது. நாலு மணிக்குப் பாஸ்டர் ஐயா வருகிறார். நம் கல்யாணத்தை நடத்தியவர். நாற்றின் மேல் என்ன என்று அவர் கேட்டால் கொசுவலை என்றே சொல்லுங்கள்.

மில்ட்ரெட்

பி.கு.: இரண்டு நாற்றுகள் நெட்டின் ஓட்டை வழியாகத் தலை நீட்டியிருக்கின்றன. வெடுக்கென்று இழுக்காதீர்கள். அன்றைக்குக் கோயிலில் என் முகத்திலிருந்து விலக்கினீர்களே, அதே மாதிரி எடுங்கள்.