முன்சக்கரத்தில் ஒரு நரைமுடி

என்னங்க,

உங்கள் குட்டி நீராவி இன்ஜின் வளைவில் தடம் புரள்வது ஏன் என்று கண்டுபிடித்துவிட்டேன். முன்னாலிருக்கும் சின்னச் சக்கரங்களின் அச்சில் ஒரு முடி இறுகச் சுற்றியிருந்தது. ஊசியால் எடுத்தேன். அப்புறம் பன்னிரண்டு சுற்று விழாமல் ஓடியது.

“தூசி தட்டுறேன்னு கீழ போட்டிருப்ப” என்று நீங்கள் சொன்னதிலிருந்து, நான்தான் எங்கேயோ இடித்துவிட்டேனோ என்று மூன்று நாளாக எனக்கே சந்தேகம். அப்பாடா! இன்றுதான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

முடியைக் கீழே ஒட்டியிருக்கிறேன். நரைமுடி.

உங்கள் சாப்பாடு மேசைமேல் மூடியிருக்கிறது.

பி.கு.: எனக்கும் நாலைந்து நரை உண்டுதான். ஆனால் என் முடி முழ நீளம். இது விரல் நீளம்கூட இல்லை.

இன்னொன்று: ஆறு மணிக்கு வந்துவிடுவேன். அதுவரை தனியாக ஓட்டிப் பார்க்காதீர்கள்.