நிலைக்காலில் இரண்டு துளைகள்

மாமி, உங்கள் வீட்டில் பெயின்ட் அடிக்கப் பட்டி பார்க்கிறார்கள். காலையில் கதவைத் திறந்ததும் அந்த வாடை மூக்கில் ஏறியது. எதிரில் உங்கள் வீடு விரியத் திறந்து கிடக்கிறது. உள்ளே ஒரு சாமான் இல்லை. புதுக்கோட்டைப் பக்கத்து ஆள் ஒருவர் கையில் தகடோடு வாசல் நிலையைத் தடவிக்கொண்டிருந்தார். வலது நிலைக்காலில் என் தோள் உயரத்தில், சாய்வாக, ஒன்று மேலே ஒன்று கீழே என்று இரண்டு திருகாணித் துளைகள் இருந்தனவே, அவற்றை அடைக்கப் போனார்.

"அண்ணே, அந்த ரெண்டு ஓட்டையை மட்டும் விட்டுடுங்களேன்" என்றேன்.

"விட்டா கான்ட்ராக்டர் என்னையக் கிழிச்சிருவாருக்கா. புது ஆளுங்க சாயங்காலமே வர்றாங்க. வெறும் ஓட்டைதானே, அதுல என்னக்கா இருக்கு?"

என்ன இருக்கிறதென்று அவருக்கு எங்கிருந்து தொடங்கிச் சொல்வது? தகட்டை ஒரு இழுப்பு இழுத்தார், அவ்வளவுதான். இரண்டும் போயே போய்விட்டன. நான் உள்ளே வந்து, அடுப்பில் வைத்த சோற்றைக்கூடப் பார்க்காமல் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

கீழக்கரையிலிருந்து கல்யாணம் முடித்து இந்தத் துபாய் அல் குசைஸுக்கு வந்தபோது எனக்கு இங்கே ஒரு ஈ, காக்கை தெரியாது. என் வீட்டுக்காரர் காலையில் கடைக்குப் போனால் இரவுதான் வருவார். எதிர்வீட்டில் நீங்கள். உங்கள் மகன் ஆபீஸுக்குப் போய்விடுவார், நீங்களும் தனிக்கட்டை. நீங்கள் பேசியது பம்பாய் இந்தி, நான் பேசியது காய்கறிக் கடையில் பொறுக்கிய இந்தி. அதை வைத்துக்கொண்டே உலகத்தையே பேசித் தீர்த்தோம். என்னை 'பேட்டீ' என்பீர்கள், மகளே என்று. நான் உங்களை மாமி என்றேன். எந்த ஊர் என்று யார் கேட்டாலும் "இராக், பாக்தாத்" என்பீர்கள். அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை. எல்லாரும் உங்களுக்கு சலாம் சொன்னார்கள், நீங்களும் பதில் சலாம் சொன்னீர்கள்.

நம் முதல் சண்டை இறாலால் வந்தது. நினைவிருக்கிறதா? ஒரு ரமலானில் தினமும் நோன்புக் கஞ்சியோடு இறால் வைத்த வாடாப் பலகாரமும் சுட்டுக் கொடுத்து அனுப்பினேன். எங்கள் ஊரில் என் கை வாடாவுக்கு அடிதடியே நடக்கும். நீங்களும் "வாஹ், வாஹ்" என்று வாங்கிக்கொண்டீர்கள். ஒரு நாள் கீழே போகிறேன், வாட்ச்மேன் என் தட்டை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக உள்ளே தள்ளிக்கொண்டிருக்கிறார். "மேல்வீட்டு மாமி தினமும் கொடுக்கிறாங்க" என்கிறார். எனக்கு வந்ததே கோபம்! நேராக உங்கள் வீட்டுக்கு வந்து கத்தினேன்.

"என் கை பிடிக்கலேன்னா முகத்துக்கு நேரே சொல்ல வேண்டியதுதானே மாமி? இறால் திங்க மாட்டேன்னு சொன்னா தூக்குலயா போட்ருவாங்க?"

நீங்கள் கதவைச் சாத்தினீர்கள். பிறகு மெதுவாகச் சொன்னீர்கள்: "போட்டாங்க பேட்டீ. என் அண்ணனை."

என் கையைப் பிடித்துப் படுக்கையறைக்குக் கூட்டிப்போய் அலமாரியைத் திறந்தீர்கள். உள்பக்கத்து மரச்சட்டத்தில் விரல் நீளத்துக்கு ஒரு வெள்ளிக் குழல், சாய்வாக. துணி மடித்து வைக்க வந்தபோதெல்லாம் நான் பார்த்திருக்கிறேன். கண்ணேறுக்குக் கட்டிய தாயத்து என்று நினைத்திருந்தேன். அதற்குப் பெயர் மெசூசா என்றீர்கள். உள்ளே தோல் சுருளில் வேத வாசகம் எழுதியிருக்கும், யூதர்கள் வீட்டு வாசல் நிலையில் அடித்துவைப்பார்கள், போகும்போதும் வரும்போதும் தொட்டு விரலை முத்தமிட்டுக்கொள்வார்கள் என்றீர்கள். நாங்கள் குர்ஆனைத் தொட்டு முத்துகிற மாதிரிதான். இறால் யூதர்களுக்கு விலக்கு என்பதும் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. "வாசல்ல வைக்கிறதை ஏன் மாமி துணிக்கு நடுவுல வச்சிருக்கீங்க?" என்று கேட்டேன் பாருங்கள், அதைவிட மடத்தனமான கேள்வியை என் வாழ்நாளில் நான் கேட்டதில்லை.

யூதரைக் குறிக்கும் யஹூதி என்ற சொல் எங்கள் ஊரில் வசவு. நெஞ்சில் ஈரமில்லாதவனைப் பார்த்து யஹூதி என்போம். மீன்காரனைக்கூட நான் அப்படித் திட்டியிருக்கிறேன். அன்று உங்கள் கட்டிலில் உட்கார்ந்திருந்தபோது அந்த மீன்காரன் முகம்தான் கண்ணில் நின்றது.

நீங்கள் சொன்னீர்கள். நீங்கள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது பாக்தாத்தில் ஒரு நாள் விடிந்து பார்த்தால், உங்கள் தெருவில் யூதர் வீட்டுக் கதவுகளில் மட்டும் சிவப்புச் சாயம் தடவியிருந்தது. மெசூசா போதாதென்று வீட்டுக்கொரு அடையாளம். மறுநாள் கூட்டம் வந்தது. உங்கள் தாத்தாவைத் துணிக்கடையிலிருந்து இழுத்துப்போய்க் கொன்றார்கள். வீட்டு நிலையிலிருந்த மெசூசாவைக் கோடாலியால் பெயர்த்து சாக்கடையில் போட்டார்கள். பக்கத்துவீட்டு முஸ்லிம் அம்மா உங்களை எல்லாம் தன் வீட்டுக்குள் தள்ளிவிட்டு, வாசலில் குறுக்கே படுத்துக்கொண்டு, "என்னை மிதிச்சுட்டு உள்ளே போங்கடா" என்றாளாம். அவள் இருந்ததால் நீங்கள் இருந்தீர்கள்.

பிறகு எல்லாவற்றையும் விட்டுவிட்டு உங்கள் குடும்பம் பம்பாய்க்குப் போனது. அண்ணன் மட்டும் அசையவில்லை. "இனிமே ஒண்ணும் ஆகாது, நம்ம ஊரு இது" என்று அங்கேயே கடை வைத்து, கல்யாணமும் முடித்தார். பல வருஷம் கழித்து அவரை ஒற்றன் என்று சொல்லிப் பொது மைதானத்தில் தொங்கவிட்டார்கள். பார்க்க வந்த கூட்டம் பிள்ளைகளைத் தோளில் தூக்கிவைத்துக்கொண்டு, சாப்பாடு கட்டிக்கொண்டு வந்ததாம். அண்ணி பிள்ளைகளை இழுத்துக்கொண்டு எப்படியோ தப்பி இஸ்ரேலுக்குப் போய்ச் சேர்ந்தார்.

பம்பாயில் உங்களை யாரும் ஒரு சொல் சொன்னதில்லை. இருந்தும் உங்கள் அம்மா மெசூசாவை அலமாரிக்குள்தான் அடித்தார். பிள்ளைகளுக்கு வெளிப்பெயர் ஒன்று, வீட்டுப்பெயர் ஒன்று வைத்தார். வீட்டுப்பெயரைத் தெருவில் கூப்பிட்டால் அடி விழும். உங்கள் மகனையும் நீங்கள் அப்படித்தான் வளர்த்தீர்கள். மற்றவர்கள் பிள்ளைகளுக்கு நகை நட்டு வைப்பார்கள். நீங்கள் அலமாரியை வைத்தீர்கள். சொல்லிவிட்டு நீங்களே சிரித்தீர்கள்.

"கதவுக்கு வெளியில இது இருக்கிற வீட்டுல நான் சாகணும் பேட்டீ. எங்க வீட்டுல மூணு தலைமுறையா யாருக்கும் அது கிடைக்கலே" என்றீர்கள்.

இந்த நாடும் இஸ்ரேலும் கைகுலுக்கிக்கொண்ட வருஷம் லண்டனிலிருந்து உங்கள் பேத்தி வந்தாள். வந்ததும் வராததுமாக அலமாரியிலிருந்து அதைக் கழற்றினாள். "இனி என்ன பயம் பாட்டி?" என்றாள். "எங்க அண்ணனும் இதேதான் சொன்னான்" என்றீர்கள். அவள் கேட்டால்தானே! வாட்ச்மேனிடம் டிரில் வாங்கி, வாசல் நிலையில் இரண்டு துளை போட்டு, வெள்ளிக் குழலை முடுக்கிவிட்டாள். அன்று நீங்கள் செய்ததை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வருகிறது. காய் வாங்க வேண்டும் என்று வெளியே வந்து அதைத் தொட்டீர்கள். பையை மறந்துவிட்டேன் என்று உள்ளே போகும்போது தொட்டீர்கள். பையை எடுத்தபின் காசை மறந்துவிட்டேன் என்றீர்கள். என் வீட்டுக்காரர்கூடப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கே மாமி, வெள்ளியா?" என்றார். அவர் கேட்டதில் விகற்பம் ஒன்றும் இல்லை.

பிறகு அந்தப் போர் வந்தது. முதல் நாளே உங்களுக்குப் போன் வந்தது: இஸ்ரேலில் உங்கள் அண்ணனின் பேத்தியைக் கொன்றுவிட்டார்கள். தாத்தா, அண்ணன், அண்ணன் பேத்தி. நீங்கள் தரையில் உட்கார்ந்து போனை வெறித்துக்கொண்டிருந்தீர்கள். இந்தக் கட்டடத்தில் அதற்கு ஆறுதல் சொல்ல வந்தது நான் ஒருத்திதான், ஏனென்றால் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அடுத்த வாரமே கைப்பேசியைத் திறந்தால் காஸாவின் இடிபாட்டுக்கு நடுவில் பிள்ளைகள். நான் சோறு இறங்காமல் அழுதேன். நீங்களும் அழுதீர்கள். "இந்தப் பிள்ளைகளுக்காக நான் அழுதா யார் நம்புவாங்க பேட்டீ? என் வீட்டுப் பிள்ளைக்காக அழுதா யார் சகிப்பாங்க?" என்றீர்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்த நேரம், வெளியே ஏதோ சத்தம் கேட்டுக் கதவைத் திறந்தேன். உங்கள் மகன் கையில் ஸ்க்ரூடிரைவர். நீங்கள் பின்னால் நின்றுகொண்டிருந்தீர்கள்.

"யாரும் வரலியேடா. கூட்டம் வரலே, கதவைத் தட்டலே, ஒரு வார்த்தை கேக்கலே. அதுக்குள்ள ஏண்டா?"

"எதுக்கும்மா தேவையில்லாம? கொஞ்ச நாளைக்குத்தான்."

பாவம், அவர் கெட்டவர் இல்லை. அவசரத்தில் திருகாணி கீழே விழுந்து என் வாசல்வரை உருண்டு வந்தது. நான்தான் எடுத்துக் கொடுத்தேன். கோடாலி தேவைப்படவில்லை மாமி. பாக்தாத்தில் கூட்டம் வந்து செய்ததை இங்கே பெற்ற பிள்ளையே அலுங்காமல் செய்து முடித்தார். பயத்தை அப்படி ஊட்டி வளர்த்திருக்கிறது இந்த உலகம். யாரைத் திட்டுவது என்றே தெரியாத ஆத்திரம் இருக்கிறதே, அதைப்போலக் கொடுமை வேறில்லை.

அன்றிரவு என் வீட்டுக்காரரும் அதே பல்லவியைப் பாடினார். "அந்த வீட்டுக்குப் போறதைக் கொஞ்சம் குறைச்சுக்க. நாலு பேர் நாலு விதமாப் பேசுவாங்க, எதுக்குத் தேவையில்லாம?"

"மாமி என்ன மச்சான் பண்ணினாங்க? குண்டு போட்டாங்களா? முட்டிக்குத் தைலம் தேய்க்கவே அவங்களுக்குக் கை எட்டலே. தேய்க்கிறது நான்."

நான் போவதை நிறுத்தவில்லை.

நீங்கள் படுத்த படுக்கையானது அதற்குப் பிறகுதான். ஆசைப்பட்ட சாவு கிடைக்காது என்று தெரிந்துவிட்டது உங்களுக்கு. வெள்ளிக் குழல் திரும்பிப் போன அலமாரியின் கதவை மட்டும் திறந்தே வைக்கச் சொன்னீர்கள். ஒரு நாள் என் முந்தானையைப் பிடித்து இழுத்துச் சொன்னீர்கள்: "நான் போனப்புறம் யாராவது கேட்டா இராக்கின்னு சொல்லி முடிச்சிடாதே. யஹூதின்னு சொல்லு. என் வீட்டுப்பெயரைச் சொல்லு. இந்த வாசல்ல நின்னு, சத்தமாச் சொல்லு. ஒரு தடவை போதும்." சரி மாமி என்றேன்.

நீங்கள் போன அன்று கட்டடத்துப் பெண்கள் எல்லாரும் வந்தார்கள். என்ன முறைப்படி அடக்கம் என்று மூன்றாம் மாடிக்காரி கேட்டாள். உங்கள் மகன் என்னைப் பார்த்தார், கெஞ்சுகிற பார்வை. "கிறிஸ்டியன்" என்றார். "அப்படியா, தெரியவே தெரியாதே" என்று அவர்கள் உச்சுக்கொட்டினார்கள். தாயை இழந்து நிற்கிற பிள்ளையைச் சபையில் பொய்யனாக்க எனக்கு வாய் வரவில்லை. உங்களைப் பெட்டியில் வைத்து, பேத்தி இருக்கும் லண்டனுக்குக் கொண்டுபோனார்கள். வெளிப்பெயரில் டிக்கெட், வெளிப்பெயரில் காகிதம். செத்த பிறகும் அலமாரிக்குள்தான் வைத்தார்கள் உங்களை.

இதுவரை காலையில் எழுதியது. இனி எழுதுவது மஃரிப் தொழுகைக்குப் பிறகு.

சாயங்காலம் புதுக் குடித்தனம் வந்தது. திருநெல்வேலிப் பக்கத்து இளம் ஜோடி. அந்தப் பெண் சாமானை இறக்கிவிட்டு, பட்டி காயாத வாசல்நிலையில் கைபட்டுவிடாமல் ஒதுங்கி நின்று என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"எக்கா, எங்களுக்கு முன்னால இங்க யாரு இருந்தா?"

பழக்கதோஷம், "இரா" வரைக்கும் வந்துவிட்டது வாயில். நிறுத்திக்கொண்டேன். செருப்பைப் போட்டுக்கொண்டு உங்கள் வாசலுக்கே போய் நின்றேன்.

"யஹூதி அம்மா ஒருத்தங்க இருந்தாங்கமா. பாக்தாத் யூதர்" என்றேன், படிக்கட்டு வரைக்கும் கேட்கும்படி. பிறகு உங்கள் வீட்டுப்பெயரைச் சொன்னேன். அதை இந்த மடலில் எழுதவில்லை மாமி. எழுதினால் மறுபடியும் மடித்து எதற்குள்ளாவது வைத்துவிடுவேன். அது என் வாயிலேயே இருக்கட்டும், கேட்கிறவர்களுக்கெல்லாம் சொல்ல.

அந்தப் பெண், "ஓ, அப்படியாக்கா" என்றாள். அவள் கணவன் தூக்கிய பெட்டியை இறக்காமல் அப்படியே நின்றான். படியேறி வந்த என் வீட்டுக்காரர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டார். உள்ளே வந்து, கதவைச் சாத்திவிட்டு, தாழ்ந்த குரலில் கேட்டார்:

"எதுக்கு இப்ப இது, தேவையில்லாம?"

"தேவைதான் மச்சான்" என்றேன்.