மாமாவிடம் எழுதிக் கொடுத்தது

அன்பு மகள் வாயாடிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் எழுந்து நடமாடிக்கொண்டு இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கும் குட்டியும் சுகமாக இருக்க வேண்டும். போனில் சொன்னால் நீ பாதியிலேயே அழுவாய், நானும் பேச்சை மாற்றிவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன். முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் கோபித்துக்கொள்.

அம்மாவுக்கு இருமல் குறையவில்லை. டாக்டரம்மா இந்த முறை எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு மருந்து எதுவும் மாற்றவில்லை, "வீட்டை மாத்துங்க" என்று மட்டும் சொன்னார். அனல்மின் நிலையக் குவார்ட்டர்ஸ் ஜன்னலைக் காலையில் துடைத்தால் மத்தியானத்துக்குள் மறுபடி சாம்பல் படிந்துவிடுகிறது. துணியை உள்ளேதான் காயப்போடுகிறோம். காலையும் மாலையும் அவள் மருந்தை ஆவியாக்கி மூச்சில் இழுக்கும் மெஷின் ஓடுவதும் நான் வேலை பார்க்கும் பாய்லர் தரும் கரன்ட்டில்தான். அந்த மெஷின் சத்தம் கேட்கும்போதெல்லாம் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

அதான் பக்கத்திலேயே சோலார் வந்துவிட்டதே, இன்னும் ஏன் கரியை எரிக்கிறீர்கள் என்று கேட்பாய். பேனல்கள் வந்து இரண்டு வருஷமாகிறது. ஆனால் கரன்ட்டை வெளியே கொண்டுபோக இருக்கிற கம்பி பழசு, தாங்காது. உச்சி வெயிலில் பாதிப் பேனல்களை அணைத்து வைக்கிறார்கள். அங்கே பொறுப்பில் இருக்கும் பையனுக்கு வெயில் இன்ஜினியர் என்று பேர் வைத்திருக்கிறோம், வெயில் அடித்தால் அழுகிற ஒரே ஆள் அவன்தான். புதுக் கம்பி இழுக்க முப்பது மின்கோபுரம் வேண்டும், இருபத்து நாலு நட்டாகிவிட்டது. மிச்சம் ஆறும் உன் மாமா நிலத்திலும் அவரை ஒட்டியவர்கள் நிலத்திலும் வருகிறது. மாமா மாட்டேன் என்றார், அவர் முகத்தைப் பார்த்து மற்றவர்களும் மாட்டேன் என்றார்கள். கம்பி வராமல் பாய்லரை நிறுத்தினால் ஆஸ்பத்திரியிலிருந்து தண்ணீர் மோட்டார் வரை எல்லாம் படுத்துவிடும்.

போன செவ்வாய்க்கிழமை நானே மாமா வீட்டுக்குப் போனேன். டீ கொடுத்தார், உட்காரச் சொன்னார், நான் வாயைத் திறந்ததும், "மச்சான், சாம்பல் குளம் கட்டறப்பவும் நீங்கதான் வந்தீங்க. ஒரு சொட்டு வெளிய வராதுன்னு சொன்னதும் நீங்கதான்" என்றார். நீ அப்போது காலேஜில் இருந்தாய், உனக்கு முழுசாகத் தெரியாது. பாய்லர் சாம்பலைக் கரைத்துவிடும் அந்தக் குளத்தின் கரை ஒரு மழையில் உடைந்து சாம்பல் சேறு மொத்தமும் அவர் கிணற்றில் இறங்கியது. கம்பெனியிலிருந்து யாரும் எட்டிப் பார்க்கவில்லை. நானும் போகவில்லை, வெட்கமாக இருந்தது. செவ்வாய்க்கிழமை இதையெல்லாம் நினைத்துக்கொண்டு டீ டம்ளரைக் கீழே வைத்தேன். பிறகு அவரே, "தங்கச்சிக்கு இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டார். உள்ளதைச் சொன்னேன். எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"கம்பெனிக்காரன் கையெழுத்து எனக்கு வேண்டாம். அவன் மாத்தலாகிப் போயிடுவான். நீங்க எழுதிக் குடுங்க. புதுக் கம்பியில கரன்ட் போயி, அந்தப் பாய்லர் அணையற வரைக்கும் இந்த ஊரைவிட்டுப் போகமாட்டேன்னு எழுதுங்க. ஏதாவது ஆச்சுன்னா நான் வந்து கதவைத் தட்ட ஒரு ஆள் வேணும்" என்றார்.

அடுத்த மாதம் நான் ரிட்டயரானதும் இருவரும் உன்னிடம் வருவதாக இருந்தோம். உன் பிரசவத்துக்கு நான் அங்கே இருப்பேன் என்று உனக்குச் சொல்லியிருந்தேன். அது நினைவில் இருந்தது, இருந்தும் எழுதிக் கொடுத்துவிட்டேன், கண்ணு. மாமா அதை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, கோபுரத்துக்கான தாளில் தானும் கையெழுத்துப் போட்டார். இரண்டே நாளில் மற்றவர்களும் போட்டுவிட்டார்கள். வெயில் இன்ஜினியர் என் கையைப் பிடித்துக் குலுக்கோ குலுக்கென்று குலுக்கினான். பதினெட்டு மாதம் என்கிறான். நம் ஊரில் பதினெட்டு மாதம் எவ்வளவு நீளம் என்று உனக்குத் தெரியும். மேனேஜர் வேலை நீட்டிப்புத் தாளைத் தயாராக வைத்திருந்தார், வேலைக்குச் சேர்ந்த நாளில் போட்டதுபோலவே அதிலும் போட்டேன். வெளியே வந்து சிமினியை அண்ணாந்து பார்த்தேன், என்னையும் அதையும் ஒரே சங்கிலியில் கட்டிவிட்டார்கள் போல இருந்தது.

அம்மாவிடம் சொன்னேன். "நீ மட்டும் மககிட்ட போ" என்றேன். "இத்தனை வருஷம் புகைக்குள்ள ஒண்ணா இருந்துட்டு இப்ப நான் மட்டும் ஓடணுமா?" என்று கேட்டாள். அதோடு சரி, மூன்று நாளாகப் பேச்சில்லை. தட்டை வைக்கிறாள், எடுக்கிறாள்.

உடம்பைப் பார்த்துக்கொள். படிக்கட்டில் மெதுவாக இறங்கு. மாப்பிள்ளையிடம் என்மேல் வருத்தப்பட வேண்டாம் என்று சொல். உனக்கும் பிறக்கப்போகிற பிள்ளைக்கும் ஒரு குறையும் வராது, நன்றாக இருப்பீர்கள்.

ஒன்றை மட்டும் மறக்காதே. ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கூப்பிடு. அவள் மூச்சைப் பற்றிப் பேசாதே, பேசினால் வரமாட்டாள். "எனக்குப் பிரசவத்துக்குத் துணைக்கு ஆள் இல்லை, பயமாக இருக்கிறது, நீ வா அம்மா" என்று சொல். அது பொய்யாக இருக்காது என்று எனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
உன்னிடம் வர முடியாத,
அப்பா